மண்ணீரல் மூட்டிய அடுப்பு

சீன வைத்தியர்கள் சொல்வதை நம்பினால், சிவக்கொழுந்துவின் வயிற்றுக்குள்ளே மூன்று பேர் குடித்தனம் நடத்தினார்கள். இரைப்பை சோற்றை வாங்கி வைக்கும். மண்ணீரல் அதைச் சமைத்து, தெம்பாக்கி எல்லோருக்கும் அனுப்பும். கல்லீரல் வழியெல்லாம் நெரிசல் இல்லாமல் பார்த்துக்கொள்ளும்.

அன்று சிவக்கொழுந்து சாப்பிட்டுக்கொண்டே போனில் முதலாளியிடம் திட்டு வாங்கினார். வந்த கோபத்தைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினார். அந்தக் கோபமெல்லாம் கல்லீரலுக்கு வந்து சேர்ந்தது. அது யாரிடம் காட்டும்? பக்கத்திலிருந்த மண்ணீரலிடம் காட்டியது.

"ஏம்மா, இன்னுமா வேகலை? கை எதுக்கு இருக்கு உனக்கு?"

மண்ணீரல் நடுங்கிப் போனது. அடுப்பு அணைந்தது. சோறு அரைவேக்காடாகக் கிடந்து கடமுடவென்று உருண்டது. யாருக்கும் தெம்பு போகவில்லை.

"என் பங்கு எங்கே? மயக்கமா வருது!" என்று கல்லீரல் இன்னும் கத்தியது.

"அண்ணே, நீங்க கத்துறதாலதான் அடுப்பே அணையுது," என்றது இரைப்பை.

"நான் எங்கடா கத்தினேன்? கேட்டேன், அவ்வளவுதான்."

அதற்குள் வெளியே சிவக்கொழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு மனைவி மேல் பாய்ந்தார். "எல்லாம் உன் சாம்பாராலதான்!"

"ச்சே, என்ன மனுஷன்!" என்றது கல்லீரல். "யார் மேலயோ இருக்கிற கோபத்தைச் சமைச்சுப் போட்டவ மேல காட்டறாரே!"

இரைப்பை மண்ணீரலைப் பார்த்தது. மண்ணீரல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரிக்கச் சிரிக்க அடுப்பு மெல்லப் பற்றிக்கொண்டது.

"என்ன சிரிப்பு?" என்று அதட்டப் போன கல்லீரல், பாதியிலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"மெதுவாவே ஆகட்டும்மா," என்றது.