எல்லையிலிருந்து ஐந்தடி

ஓஹையோவில் தனியாக வசித்த வெர்னாவின் வராந்தாவை நகராட்சி ஆய்வாளர் அளந்து பார்த்தார்.

"பக்கத்து மனை எல்லையிலேர்ந்து அஞ்சடி விட்டுக் கட்டணும். இங்க மூணடிதான் இருக்கு. புகார் வந்திருக்கும்மா, இடிச்சாகணும்."

பக்கத்து வீட்டு டெல்பர்ட் வேலியருகே ஓடிவந்தார். மனைவியை இழந்தவர். "சத்தியமா நான் புகார் கொடுக்கல. தினமும் காலையில எனக்கு இங்கதான் காபி. வேற வழியே இல்லையா?"

"ரெண்டு மனையையும் ஒண்ணாச் சேர்த்துட்டா நடுவுல எல்லையே இருக்காது."

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றினார். "வெர்னா, ஆறு வருஷமா கேக்கத் தைரியம் வரல. என்னைக் கட்டிக்கிறியா?"

வெர்னா வெட்கத்துடன் தலையசைத்தாள்.

திருமணத்தன்று டெல்பர்ட் கேக் எடுக்க உள்ளே போயிருந்தபோது, ஆய்வாளர் வெர்னாவிடம் ஒரு தாளை நீட்டினார். "புகாரை வாபஸ் வாங்கணும். கொடுத்தவங்கதான் கையெழுத்துப் போடணும்."

வெர்னா கையெழுத்திட்டாள். "இது அவர் கண்ணுல பட்டுடாமப் பாத்துக்கங்க."