ஏழு பிள்ளைக்காரி

"இன்னொரு தடவை எண்ணு" என்றார் மாஜிஸ்திரேட் பர்டன்.

கோப்னட்டின் குடிசையில் ஆறு பிள்ளைகள் சுவரை ஒட்டி உயர வரிசையில் நின்றன. ஏழாவது கைக்குழந்தை. அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

காவலர் ட்விஸ் விரல் நீட்டி எண்ணினார். "ஏழுதான் துரை."

மாஜிஸ்திரேட்டின் கையில் கோப்னட்டின் மனு இருந்தது. டப்ளின் கோட்டையில் வைஸ்ராயின் மேசைவரை போய், 'விசாரித்து எழுதவும்' என்ற குறிப்போடு அவரிடமே திரும்பி வந்திருந்தது.

அவளுடைய புருஷன் டியர்மிட் கார்க் சிறையில் கிடந்தான். பொழுது சாய்ந்தபின் வீட்டைவிட்டு வெளியே வந்தால் நாடு கடத்தலாம் என்று அப்போது அயர்லாந்தில் ஒரு சட்டம் இருந்தது. பெண்டாட்டிக்கு வலி எடுத்துவிட்டதே என்று மருத்துவச்சியைக் கூப்பிட ஓடியவனையும் அந்த மகா சட்டம் விடவில்லை. ஏழு வருஷம், கடலுக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடா. அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாக ஊரில் ஒருவருக்கும் நினைவில்லை. கப்பலும் வந்து நின்றுவிட்டது.

"இந்த ஊர்லேர்ந்து எவன் மனு போட்டாலும் 'ஆதரவற்ற ஏழு சிறு குழந்தைகள்'. கல்யாணமே ஆகாத கிழவனுக்குக்கூட ஏழு! உங்க வாத்தியாருக்கு ஏழை விட்டா வேற எண்ணே தெரியாதா?" என்றார் மாஜிஸ்திரேட்.

அது உண்மைதான். ஊரில் ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்தவர் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரே. அவர் எழுதியதன் கீழே கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போடுவதோடு மற்றவர்கள் வேலை முடிந்தது. உள்ளே இருப்பது அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம்.

"இதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தாலும் அடுப்புல போட்டுடுவேன். அவ புருஷன் கப்பலேற வேண்டியதுதான். சொல்லு அவகிட்ட."

ட்விஸ் சொன்னார். கோப்னட்டுக்கு ஐரிஷ் தவிர வேறு மொழி தெரியாது. மாஜிஸ்திரேட்டுக்கு அதில் ஒரு சொல்கூடத் தெரியாது. நடுவில் நின்று பேசுவதற்கு அவர் ட்விஸை அழைத்து வந்திருந்தார். அன்றைக்கு இருட்டில் டியர்மிட்டைப் பிடித்துக் கொடுத்ததும் இதே ட்விஸ்தான்.

மாஜிஸ்திரேட் உள்ளே வந்தபோதுகூட கோப்னட் திடமாகத்தான் இருந்தாள். அவர் பின்னால் ட்விஸ் தலையைக் குனிந்து நுழைந்ததும் வெலவெலத்துப் போனாள்.

"எல்லாம் நீ பெத்ததா?"

"நான் பெத்ததுதாங்க ஐயா."

"பேரைச் சொல்லு, ஒவ்வொண்ணா."

சொன்னாள். மூன்றாவது பிள்ளையிடம் வந்தபோது அவளுக்கு நாக்குக் குழறியது. மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார்.

அவர் நேராக அந்தப் பையன் முன்னால் போய் நின்றார். முகமெல்லாம் புள்ளிபுள்ளியாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான் அவன்.

"டேய், உங்கப்பா எங்கடா?"

ட்விஸ் அதை ஐரிஷில் கேட்டார்.

பையனுக்கு உதடு பிதுங்கியது. கையைத் தூக்கி நேராக ட்விஸைக் காட்டினான்.

கோப்னட் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

மாஜிஸ்திரேட் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தியா ட்விஸ்! இந்த ஆள்தான் எங்கப்பாவைப் புடிச்சிட்டுப் போனான்னு உன்னையே காட்டறான். வளந்ததும் உன்னை ஒரு கை பாக்காம விடமாட்டான் போல!"

ட்விஸ் சிரிக்கவில்லை. பையனைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

"சரி, எதுக்குச் சுத்தி வளைச்சுக்கிட்டு? எந்த வீட்டுல எத்தனை புள்ளைன்னு உனக்குத் தெரியாததா? நீயே சொல்லு. புடிச்சுக் குடுத்தவன் வார்த்தைக்கு மேல எனக்கு என்ன சாட்சி வேணும்? ஆனா ஒண்ணு. பின்னால பொய்னு தெரிஞ்சுது, உன் வேலையும் போகும், டியர்மிட் படுத்த இடத்துல நீ படுப்பே."

அடுப்பின் புகையில் ஏதோ ஒரு குழந்தை இருமியது. கோப்னட் ட்விஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இரக்கம் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. அவளுடைய வாழ்வும் சாவும் இந்த ஆளின் நாக்கு நுனியிலா வந்து நிற்க வேண்டும்!

"என்னய்யா, வாயைத் திற."

"ஏழும் இவளோடதுதான் துரை" என்றார் ட்விஸ்.

"நிச்சயமா?"

"நிச்சயமா துரை. தினம் இந்த வழியாப் போறவன் நான். எனக்குத் தெரியாதா?"

மாஜிஸ்திரேட் மனுவை ஜன்னல் விளிம்பில் வைத்தார். 'நேரில் விசாரித்தேன். அத்தனையும் உண்மை. விடுதலைக்குச் சிபாரிசு செய்கிறேன்' என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சகதியைத் திட்டிக்கொண்டே குதிரையேறிப் போய்விட்டார்.

குளம்புச் சத்தம் ஓய்ந்தபிறகுதான் கோப்னட்டுக்கு மூச்சு வந்தது. அப்படியே மண் தரையில் உட்கார்ந்து குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். ட்விஸ் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்ற பையனைப் பார்த்தார்.

"டேய் சைலஸ், அப்பாகூட வீட்டுக்கு வரியா, இல்ல இன்னும் கொஞ்ச நேரம் இவங்க புள்ளையாவே இருக்கப் போறியா?"