நாரத்தை மணம்

புலம்பெயர்ந்து வந்த பிளேஸ்டோ வீட்டில் கலாவதியின் அண்ணனுடைய அலுமாரி திறந்து கிடக்கிறது. பெரிய பல்பின் வெளிச்சத்தில், அவன் மூன்று வருடமாக மகரந்தம் மாற்றி மாற்றி உருவாக்கிய கஞ்சாச் செடி தேசிக்காய்த் தோலைக் கீறியதுபோல மணக்கிறது. "நாரத்தைக் கன்றை ஏன்டா ஒளிச்சு வைச்சனி?" என்று அம்மா ஓர் இலையைக் கசக்கி முகர்கிறாள். "தங்கச்சி, நீ சொல்லு," என்கிற அண்ணனின் கண்கள் கெஞ்சுகின்றன. திங்கட்கிழமை அவனுக்கு அகதி விசா நேர்முகம். அம்மாவுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். இலையைப் பார்த்தால் கஞ்சா, கண்ணை மூடினால் நாரத்தை. எதை நம்புவதென்று கலாவதிக்கே விளங்கவில்லை. "ஓம் அம்மா, நாரத்தைதான்." அம்மாவின் முகம் மலர்கிறது. நாளைத் தேருக்குக் கோயிலில் சனத்துக்கு ஊற்றும் மோரில் போட, கை நிறைய இலை கிள்ளிச் சேலைத் தலைப்பில் முடிகிறாள்.