ஆளிநார்த் தையல்

இடுப்பு பெல்ட் இரண்டு துண்டாக அலமாரியில் கிடந்தது.

பெயிண்டர் துண்டுகளை எடுத்துப் பொருத்திப் பார்த்தார். நேற்று சாயங்காலம் வந்த புது பெல்ட். தன் கையாலேயே மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். இன்று அதைக் கட்டிக்கொண்டுதான் டவர் உச்சிவரை ஏறிப் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

"எலி கடிச்சிருக்குமோ?" என்றார் கூட்டாளி.

"எலி இவ்வளவு நேரா வெட்டுமா? கத்திய்யா இது."

தோல் வெட்டும் கத்தி அந்த ஷெட்டில் ஒருவரிடம்தான் உண்டு. மறுகோடியில், பெல்ட் தைக்கும் மேஜையில் உட்கார்ந்திருந்த பெயிண்டரின் அண்ணியிடம்.

அண்ணி தலை நிமிரவில்லை. கொழுந்தனைப் பார்த்து அவர் நிமிர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது.

காரணம் இல்லாமல் இல்லை. வீட்டோடு ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனை, "வா, மேலே நல்லா காத்து வரும்" என்று இந்த வேலைக்கு இழுத்து வந்தவர் பெயிண்டர்தான். வந்த வருஷமே அண்ணன் உச்சியிலிருந்து விழுந்தார். இடுப்பு பெல்ட்டில் தையல் விட்டுவிட்டது.

காரியம் எல்லாம் முடிந்த கையோடு, பெல்ட் தைக்கும் வேலையை அண்ணி தானே கேட்டு வாங்கிக்கொண்டார். உடம்பு இளைக்க நாம் ஆளி விதையைப் பொடித்துத் தின்கிறோமே, அந்தச் செடியின் தண்டிலிருந்து உரிக்கிற நாரில்தான் பெல்ட்டுக்கு நூல். பணக்காரர்களின் லினன் சட்டையும் அதே நார்தான். அண்ணி அதில் மெழுகு தேய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து இழுத்துத் தைப்பார்.

எதற்காக இந்த வேலையைக் கேட்டார் என்பது இப்போது பெயிண்டருக்குப் புரிந்துவிட்டது. புருஷன் போன வழியிலேயே கொழுந்தனையும் அனுப்பத்தான்.

மேனேஜர் வந்தார். துண்டுகளைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"யாரு பண்ணது இதை?"

"நான்தான்" என்றார் அண்ணி. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

பெயிண்டர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். மறுத்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

"சார், அந்த பெல்ட்ல…" என்று அண்ணி ஆரம்பித்தார்.

"வாயை மூடும்மா. போலீஸ்ல போய்ச் சொல்லு உன் கதையெல்லாம்."

"அப்ப மிச்சம் இருக்கறதையும் அறுப்பேன்."

"கேட்டீங்களா? எல்லாரும் கேட்டீங்கல்ல?" மேனேஜர் தன் அறைக்கு ஓடி இன்னொரு புது பெல்ட்டைக் கொண்டு வந்தார். "நீ இதைக் கட்டிக்கிட்டு ஏறுய்யா. இன்னிக்கு வேலை நிக்கக் கூடாது. இந்தம்மாவை நான் பார்த்துக்கறேன்."

பெயிண்டர் பெல்ட்டை வாங்கிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார். தரையில் நிற்பதைவிட டவர் மேல் இருப்பதே பத்திரம் என்று தோன்றிவிட்டது அவருக்கு.

"தம்பி, நில்லுங்க."

இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அண்ணி அவரைக் கூப்பிட்ட முதல் வார்த்தை. திரும்பிப் பார்த்தார். அண்ணி வந்துகொண்டிருந்தார், கையில் கத்தியோடு. பின்னால் மேனேஜர், "பிடிங்கய்யா அவளை" என்று கத்திக்கொண்டே வந்தார். கத்தியைப் பார்த்து ஒருவரும் கிட்டே போகவில்லை.

பெயிண்டர் அவசர அவசரமாக பெல்ட்டைக் கட்டி, வாரை டவர் கம்பியைச் சுற்றிப் போட்டுக் கொக்கியை மாட்டினார். காலைத் தூக்கிக் கம்பியில் வைத்தால் கால் நிற்கவில்லை, நடுங்கியது. விட்டுவிட்டு ஓடிவிடலாம் என்றால் கொக்கியைக் கழற்ற விரல் வளையவில்லை. கட்டிப்போட்ட ஆடு மாதிரி டவரோடு டவராக நின்றார்.

அண்ணி மூச்சு வாங்க எதிரே வந்து நின்றார்.

"அண்ணி, வேண்டாம் அண்ணி. எனக்கு ரெண்டும் பொண்ணுங்க." கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கத்தி இடுப்புப் பக்கம் வந்தது தெரிந்தது. 'சரக்' என்று ஒரு சத்தம். பெயிண்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வயிற்றைத் தடவிப் பார்த்தார். ரத்தம் இல்லை. வார்தான் அறுந்து தொங்கியது.

கூட்டம் கூடிவிட்டது. அண்ணி அறுந்த வாரை எடுத்து, கொக்கி தைத்திருந்த இடத்தில் இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். தையல் படபடவென்று பிரிந்து கொக்கி தனியாகக் கையோடு வந்தது.



"நான் தைக்கிற ஆளி நூலை இப்படி இழுத்தா என் நகம்தான் பேரும், நூல் பேராது" என்றார் அண்ணி. "இது சார் வெளியில வாங்கின பெல்ட். மட்டமான பருத்தி நூல்ல தைச்சு, மேல மெழுகைப் பூசிட்டாங்க. நீங்க வீட்டுக்குப் போனப்புறம் ஒண்ணைப் பிரிச்சு சாருக்குக் காட்டினேன். அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னாரு. அதான் உங்க பெல்ட்டையும் அறுத்துப் போட்டேன்."

எல்லாரும் மேனேஜரைப் பார்த்தார்கள். அவர் செருப்பைப் பார்த்தார்.

பெயிண்டர் உச்சியை அண்ணாந்து பார்த்தார். அங்கேயிருந்து இந்தக் கொக்கி பிரிந்திருந்தால் என்று நினைக்கவே உடம்பு கூசியது.

"நீங்க என்னைக் கொல்லத்தான் வர்றீங்கன்னு நினைச்சேன் அண்ணி."

அண்ணி கத்தியை உறையில் போட்டார்.

"கொல்லணும்னா கத்தி எதுக்கு தம்பி? பேசாம உக்காந்து என் வேலையைப் பார்த்துட்டு இருந்திருந்தா போதுமே."