கண்ணில் இறங்கிய திரை

டாக்டரம்மாவின் இரண்டு விரல்கள் என் நெற்றிப்பொட்டில் நிற்கின்றன. துடிக்க வேண்டிய தமனி அங்கே கப்பல் கட்டும் கயிறாக விறைத்துக் கிடக்கிறது. "சீப்பு பட்டா இடி விழுது, மென்னா தாடை கழண்டு மடியில விழுது. நேத்து வலது கண்ணுல அஞ்சு நிமிஷம் திரை இறங்கிடுச்சு" என்கிறேன். "கொசு கடிச்சாலே ஆம்புலன்ஸ் கூப்பிடற மனுஷன், நம்பாதீங்க" என்று என் மனைவி சிரிக்கிறாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "திரை நிஜமாவே இறங்குச்சா?" "அது ஒண்ணு மட்டும் நிஜம்." "இந்த ரத்தக்குழாய் வீங்கியிருக்கு, அதனால கண்ணுக்கு ரத்தம் குறையுது. இந்த நிமிஷமே மருந்து ஆரம்பிக்கணும். தாமதிச்சா பார்வை போயிடும்." டாக்டரம்மா மருந்துச் சீட்டை எழுதத் தொடங்குகிறார். மனைவி எழுந்து வந்து என் இடது கண்ணை உள்ளங்கையால் மூடுகிறாள். "நான் தெரியறேனா?" சாம்பல் பூத்த வெளிச்சத்தில் அவள் மூக்குத்தி மினுங்குகிறது. "தெரியறே" என்கிறேன். அதற்குமேல் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்ல வரவில்லை.