ஓவியத்து மேளக்காரன்

கஹவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் துரை பங்களாவில், அமெரிக்கப் புரட்சிப் போரைக் காட்டும் பெரிய எண்ணெய் ஓவியம் தொங்கியது. குதிரைகள், துப்பாக்கிகள், பிணங்கள். நடுவில் இரண்டு குச்சிகளையும் ஓங்கியபடி ஒரு மேளக்காரன். அதைத் தினமும் தூசி தட்டுவது ஷாமிளாவின் வேலை.

அவள் அப்பா காத்தமுத்து, தோட்டத்துச் சாவுக்கெல்லாம் தப்பு மேளம் அடித்தவர். அவர் செத்தபோது, "விருந்தாளிங்க இருக்காங்க, சத்தம் போட வேணாம்" என்றுவிட்டார் துரை. தப்புச் சத்தம் இல்லாமலே குழிக்குள் போனார் மனிதர்.

மறுநாளே ஷாமிளாவை வேலைக்குக் கூப்பிட்டார்கள். தூசி தட்டப் போனாள். மேளக்காரனின் குச்சிகள் இறங்கி மேளத்தைத் தொட்டிருந்தன. சுவரிலிருந்து சாவுத் தப்பு கேட்டது. மலை முழுக்கக் கேட்டது. துரைக்கு மட்டும் கேட்கவில்லை.

சாவுத் தப்பு கேட்டால், பறித்த கொழுந்தை அப்படியே போட்டுவிட்டுச் சத்தம் வரும் வீட்டுக்குப் போவதுதான் தொழிலாளர் லயத்து வழக்கம். சனம் பங்களாவுக்கு வந்தது. பெண்கள் தலையை விரித்துப்போட்டு வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஆண்கள் பாடைக்கு மூங்கில் வெட்டி வந்தார்கள்.

"யார் செத்தது இங்க?" என்று கத்தினார் துரை.

 ஷாமிளா ஒரு மூங்கிலை எடுத்து அவரோடு ஒட்டி நிறுத்தினாள்.

"கொஞ்சம் நேரா நில்லுங்க தொர."