ஆசியத்தும்மாவின் தாயத்து

தாயத்தின் நூலைச் சவர பிளேடால் வெட்டினேன்.

ஆதம்பாவா மாமா எதிரே உட்கார்ந்து வலது புஜத்தைத் தடவிக்கொண்டிருந்தார். ஐந்து வயதில் அங்கே கட்டியது. மார்க்கத்தில் இதெல்லாம் கூடாது என்று மகன் றஸ்மி சண்டை பிடித்துக் கழற்ற வைத்தபோது மாமாவுக்கு எழுபத்து மூன்று. கழற்றினாரே தவிர எறியவில்லை. ஐந்து வருடமாகத் தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தார்.

எங்கள் குடும்பத்தில் காகிதப் பைத்தியம் எனக்குத்தான். முதுகுக்குப் பின்னால் என்னைக் கடதாசி ஹிமாயா என்கிறார்கள். முகத்துக்கு நேரே சொல்கிறவர்களும் உண்டு. எங்கள் பத்திரங்களில் பாதியைச் சுனாமி கொண்டுபோனது, மீதியில் கறையான் கை வைத்துவிட்டது. காணி உறுதி, சவூதிக் கடிதம், பிறப்புப் பத்திரம் என்று கிடைத்ததையெல்லாம் போனில் படமெடுத்து உறையில் போட்டு வைக்கிறேன். யாராவது செய்யத்தானே வேண்டும்.

இந்தத் தாயத்துக்காக மாமாவிடம் இரண்டு வருடம் நடந்தேன். பிரித்தால் பலன் போய்விடும் என்பது அவர் கட்சி. மெழுகுச் சீலை வெடித்து, உள்ளே பூச்சி போகும் நிலை வந்த பிறகுதான் இறங்கி வந்தார். உள்ளே இருக்கும் குர்ஆன் ஆயத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்.

அது அவருடைய மூத்த ராத்தா, அதாவது அக்கா, அனுப்பியது. ஆசியத்தும்மா. என் உம்மா பிறக்கும் முன்பே மௌத்தானவர். அவருடைய படம் இல்லை, அடக்கிய இடத்தில் மீஸான் கட்டைகூட இல்லை. மாமாவிடம் இருந்தது இது ஒன்றுதான்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். ஆசியத்தும்மாவின் மாப்பிள்ளை மட்டும், வயல் பார்க்க ஆள் வேண்டும் என்று அவரை இறக்காமத்துக்குக் கூட்டிப் போய்விட்டார். அந்த வருடம் தம்பிக்கு, ஐந்து வயது மாமாவுக்கு, காய்ச்சல். அங்கே சைக்கிளில் கருவாடு விற்கப் போன அச்சிமுகம்மது காக்கா இதைக் கொண்டுவந்து, அவர்களுடைய உம்மாவின் கையில்தான் கொடுக்கச் சொன்னதாகக் கொடுத்திருக்கிறார். உம்மா அதைக் கண்ணில் ஒற்றித் தம்பியின் கையில் கட்டினார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கொலராவிலும் மாமா தப்பினார், சுனாமியிலும் தப்பினார். எல்லாம் ராத்தாவின் தாயத்து என்பார்.

சீலைக்குள் கொப்பித் தாள், நான்காக மடித்தது. அரபு எழுத்து பூச்சி அரிக்காமல் முழுதாக இருந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பிஸ்மி சொல்லி, உதட்டை அசைத்து ஓதத் தொடங்கினேன்.

இரண்டாவது சொல்லில் நாக்கு நின்றது.

‘உம்மா அறிவது’ என்று இருந்தது.

எழுத்துத்தான் அரபு, பேச்சு தமிழ். அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை, ஓத விட்டார்கள். அவர்கள் அரபெழுத்தை வைத்துத் தமிழில் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஆசியத்தும்மாவுக்கு அது தெரியும். அவருடைய உம்மாவுக்கும் தெரியும்.

மாமாவுக்குக் கேட்காமல் மனதுக்குள் வாசித்தேன்.

இவர் ஒவ்வொரு நாளும் அடிக்கிறார். இனி வாய் திறந்தால் கையை முறிப்பேன் என்கிறார். கடிதமாகத் தந்தால் காக்காவிடம் பறித்துப் பார்ப்பார், அதனால்தான் தாயத்தாகத் தைத்தேன். வாப்பாவை வண்டியோடு அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை வரை பார்த்திருப்பேன்.

அவ்வளவுதான். கீழே பெயர்கூட இல்லை.

ஆசியத்தும்மா அறுவடைக்கு முன் காய்ச்சலில் மௌத்தானதாகத்தான் குடும்பத்தில் கதை. மாப்பிள்ளை சொல்லி அனுப்பியது அது. செய்தி வந்து சேருமுன் அங்கேயே அடக்கமும் முடிந்திருந்தது.

“என்ன ஆயத்து மகள்?”

மாமாவின் கண்ணில் வெள்ளை படர்ந்து ஒரு வருடமாகிறது. ஓதத் தெரிந்தவர், ஆனால் எழுத்துப் பிடிபடாது. ஆயத்து என்று பொய் சொல்ல எனக்குப் பயம். உண்மையைச் சொல்ல அதைவிடப் பயம். எழுத்து மங்கிவிட்டது, வெளிச்சத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றேன். பிறகு, பேச்சை மாற்றுவதற்காக, ராத்தா அனுப்பியது இது ஒன்றுதானா என்று கேட்டேன்.

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“ஒண்டா? மூணு வந்த மகள். எனக்குக் காய்ச்சல் விட்ட உடன உம்மா காக்காட்டத் தொதல் கிண்டிக் குடுத்துவிட்டு, ‘இது நல்லாக் கேக்குது, இன்னொண்டு அனுப்பு’ எண்டு சொல்லி அனுப்பின. அடுத்த மாசம் வந்தத்த வாசல் நிலையடியில குழி தோண்டித் தாட்ட. பொறகு மாட்டுக்கும் ஒண்டு கேட்ட. அதுதான் கடைசி. அந்தத் தையல் மட்டும் கோணக்கோண, ஒத்தக் கையால தைச்ச மாதிரி. ‘புள்ளைக்கு வரவர அக்கறை இல்ல’ எண்டு உம்மா ஏசின.”